நாற்பதுக்குப் பிறகு பாட்டு: தம்மேல் ஐயம் கொண்டவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கர்நாடக இசையில் வாய்ப்பாட்டுக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆசையைப் பல ஆண்டுகள் மனத்துக்குள் வைத்திருந்து, பிள்ளைகள் வளர்ந்து ஆளான பிறகோ வேலையில் சற்று மூச்சுவிட நேரம் கிடைத்த பிறகோ ஆசிரியரைத் தேடி வருபவர்கள் இப்போது நிறைய இருக்கிறார்கள். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி கட்டணத்தைப் பற்றியதாகவோ வகுப்பு நேரத்தைப் பற்றியதாகவோ இருப்பதில்லை, "எனக்கெல்லாம் இது வருமா?" என்பதாகவே இருக்கும். பெரியவர்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் பணியில் இருப்பதால் அந்த ஒரு கேள்வியே பல வடிவங்களில் என்னிடம் வந்துகொண்டிருக்கிறது. அவற்றையும், அவற்றுக்கு நான் சொல்லும் விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன். கச்சேரி மேடையைக் குறிக்கோளாகக் கொண்டவர்களுக்கு இதில் பெரிய பயன் இராது.

எனக்கு 46 வயது. இனிமேல் தொடங்கினால் எதுவரை போக முடியும்?

ஐந்து வயதில் தொடங்கிய பிள்ளையின் தொண்டையில் விழும் வேகமான பிருகாக்கள் (விரைந்து உருளும் சுரக் கோவைகள்) உங்களுக்கு எளிதில் விழமாட்டா என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவோம். அதை மறைத்து ஊக்கமூட்டுவது உங்களை ஏமாற்றுவதாகும். ஆனால் அந்தப் பிள்ளையிடம் இல்லாத சில உங்களிடம் இருக்கின்றன. நாற்பது ஆண்டுகளாகப் பாட்டுக் கேட்ட காது இருக்கிறது. ஒன்றை ஏன் இப்படிச் செய்யச் சொல்கிறார்கள் என்று விளங்கிக்கொள்ளும் அறிவு இருக்கிறது. யாரும் அதட்டாமலேயே உட்கார்ந்து சாதகம் (பாட்டுப் பயிற்சி) செய்யும் பொறுமையும் இருக்கிறது. நாள்தோறும் அரை மணி நேரம் ஒதுக்கி, வாரம் ஒன்றிரண்டு வகுப்புக்கும் வருபவர்கள் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம் ஆகிய தொடக்கப் பாடங்களைக் கடந்து, எளிய கீர்த்தனைகள் சிலவற்றைச் சுருதியோடும் தாளத்தோடும் பாட இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன என்பது என் அனுபவம். அதற்கு மேல் எவ்வளவு போவீர்கள் என்பதை எந்த ஆசிரியராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது.

கேரளத்தின் ஆலப்புழை மாவட்டத்தைச் சேர்ந்த கார்த்தியாயினி அம்மா, 2018ஆம் ஆண்டு தமது 96ஆவது வயதில் மாநில எழுத்தறிவு இயக்கத்தின் தேர்வை எழுதி 100க்கு 98 மதிப்பெண் பெற்றார். "அந்தப் பாட்டியால் முடிந்தது, உன்னால் முடியாதா?" என்று கேட்பதற்காக இதைச் சொல்லவில்லை; அந்தக் கேள்வி எனக்கே எரிச்சலூட்டும். அந்த மதிப்பெண் அவருக்கு வேலையோ சம்பள உயர்வோ வாங்கித் தரப்போவதில்லை என்பது ஊருக்கே தெரிந்திருந்தும், அவர் அதைப் படித்தே தீர வேண்டும் என்று உட்கார்ந்தார் என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி.

"உனக்குச் சுருதி ஞானம் இல்லை" என்று பள்ளியிலேயே சொல்லிவிட்டார்கள். அது பிறவிக் குறை அல்லவா?

இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே விடை சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் நாற்பது வயதில் என் முன்னால் வந்து அமர்பவர்களில் பலரிடம் இருக்கும் ஐயம் அவர்களாகவே கண்டடைந்தது அன்று. எட்டு வயதில் யாரோ ஒருவர் கொடுத்துவிட்டுப் போனது. பள்ளி ஆண்டுவிழாவுக்குக் கூட்டுப் பாடல் ஒத்திகை நடக்கும்போது, "நீ பாடாதே, வாயை மட்டும் அசை" என்று ஆசிரியை சொன்னதை முப்பது ஆண்டுகள் கழித்தும் அதே குரலில் நடித்துக் காட்டியவர்கள் உண்டு. விழா நன்றாக நடக்க வேண்டும் என்ற அவசரத்தில் அந்த ஆசிரியை சொன்ன ஒரு வரி, அந்தப் பிள்ளையின் காதுக்கும் தொண்டைக்கும் வழங்கிய தீர்ப்பாக நிலைத்துவிட்டது.

சுர வேறுபாடுகளையே காதால் பிரித்தறிய முடியாத பிறவிக் குறை ஒன்று உண்மையிலேயே உண்டு. ஆனால் அது மக்களில் மிகச் சிலருக்கே இருக்கிறது. சுருதி தப்பிப் பாடுபவர்களை ஆராய்ந்து பீட்டர் ஃபோர்டிரெஷரும் ஸ்டீவன் பிரவுனும் 2007இல் வெளியிட்ட ஆய்வு, அவர்களில் பெரும்பாலோருக்குக் காதில் குறை இல்லை என்று காட்டியது. கேட்ட சுரத்தைத் தொண்டைக்குக் கொண்டுவரும் ஒத்திசைவில்தான் தடுமாற்றம் இருந்தது. அந்த ஒத்திசைவு பழக்கத்தால் சீராகக் கூடியது. உங்களுக்கு எது என்று அறிய எளிய வழி உண்டு. பழைய திரைப்பாட்டு ஒன்றின் தொடக்க இசை ஒலித்ததும், சொல் வருமுன்பே அது எந்தப் பாட்டு என்று உங்களால் சொல்ல முடிகிறதா? கோயிலில் யாரோ சுருதி விலகிப் பாடும்போது உங்கள் முகம் சுளிக்கிறதா? அப்படியானால் உங்கள் காது நன்றாகவே இருக்கிறது.

இனிச் செய்ய வேண்டியது, சுருதிப் பெட்டியையோ கைபேசியில் உள்ள தம்புராச் செயலியையோ ஒலிக்கவிட்டு, வாயை மூடியபடி ஷட்ஜத்தை (ஸ என்ற அடிப்படைச் சுரத்தை) மட்டும் முனகுவது. உங்கள் ஒலி தம்புராவின் ஷட்ஜத்துக்குச் சற்றுக் கீழே நின்றால், இரண்டு ஒலிகளுக்கும் இடையே "உவ்... உவ்... உவ்..." என்று ஓர் அதிர்வு கேட்கும். குரலை மிக மெல்ல மேலே நகர்த்துங்கள். அதிர்வின் வேகம் குறையும். இன்னும் சற்று நகர்த்தினால் அது நீண்டு, பின்பு இல்லாமலே போகும். அந்த நொடியில் உங்கள் குரல் எங்கே முடிகிறது, தம்புரா எங்கே தொடங்குகிறது என்று உங்களுக்கே தெரியாது. அது மாயமன்று, மிக நெருங்கிய இரண்டு அலைவெண்களின் வேறுபாடே அந்த அதிர்வாகக் கேட்கிறது, வேறுபாடு மறைந்தால் அதிர்வும் மறைகிறது. ஷட்ஜம் நின்ற பிறகு பஞ்சமம் (ப), அதன் பிறகு மேல் ஷட்ஜம். முதல் மாதம் முழுவதும் இந்த மூன்றில் கழிந்தாலும் குறையில்லை. சுருதி சேர்ந்ததா இல்லையா என்பதைச் சொல்ல அங்கே ஆசிரியரோ பக்கத்து வீட்டுக்காரரோ தேவையில்லை என்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்றும் உண்டு. பலருக்குச் சுருதி தப்புவதற்குக் காரணம், பொருந்தாத கட்டையில் (அடிப்படைச் சுருதியின் உயரத்தில்) பாடுவது. ஆண்கள் பொதுவாக ஒன்றிலிருந்து இரண்டு கட்டைக்குள்ளும், பெண்கள் நாலரையிலிருந்து ஆறு கட்டைக்குள்ளும் பாடுகிறார்கள். மாதவிடாய் நிற்கும் பருவத்தை ஒட்டிப் பெண்களின் குரல் சற்றுத் தடித்துக் கீழிறங்குவது இயல்பு. இருபது வயதில் ஐந்தரைக் கட்டையில் பாடியவர் ஐம்பது வயதிலும் அதே கட்டையைப் பிடித்துக்கொண்டு மேல் ஸ்தாயியில் (உயர்ந்த சுரங்களில்) திணறிவிட்டு, "என் குரல் போய்விட்டது" என்று வருந்துவார். அரைக் கட்டையோ ஒரு கட்டையோ இறக்கிப் பாடச் சொன்னால் வருத்தம் பாதி தீர்ந்துவிடும்.

என் குரலைக் கைபேசியில் பதிந்து கேட்டேன். எனக்கே பிடிக்கவில்லை. இந்தக் குரலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பதிந்த குரலை முதன்முதலாகக் கேட்கும் ஏறக்குறைய எல்லாருக்கும் இப்படித்தான் தோன்றுகிறது. நாம் பேசும்போதும் பாடும்போதும் நம் குரல் காற்று வழியாக மட்டுமன்றி மண்டை எலும்புகளின் வழியாகவும் உட்காதை அடைகிறது. எலும்பு வழி வரும் ஒலி கீழ்ச்சுரங்களைக் கூட்டிக் கொடுப்பதால் நம் குரல் நமக்குக் கனமாகவும் நிறைவாகவும் கேட்கிறது. பதிவில் அந்தப் பங்கு இருப்பதில்லை. ஆகவே மெலிந்தும் சற்றே மூக்கொலியோடும் அந்நியமாகத் தெரிகிறது. மற்றவர்கள் உங்களிடம் எப்போதும் கேட்டுப் பழகிய குரல் அதுதான். அவர்கள் யாரும் காதைப் பொத்திக்கொண்டதில்லை.

புகழ்பெற்ற கர்நாடக இசைப் பாடகர் செம்மங்குடி சீனிவாச ஐயரின் குரல் இளமையில் பாட்டுக்கு ஒத்துவராத கரகரப்புக் குரலாகவே கருதப்பட்டது. கடும் அகார சாதகத்தால் ('ஆ' என்று நீட்டிப் பாடும் பயிற்சியால்) அதைத் தன் வசப்படுத்திக்கொண்ட அவருக்கு 1947இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது கிடைத்தபோது வயது நாற்பதுகூட ஆகவில்லை. அவருக்கு இருந்த குருமாரும் நேரமும் நமக்கு இல்லைதான். ஆனால் நல்ல குரல் என்பது பிறப்பிலேயே கிடைத்துவிடும் ஒன்று என்ற எண்ணத்தை அவருடைய வாழ்க்கை நன்றாகவே அசைத்துவிடுகிறது.

பதிவு செய்வதை விட்டுவிடாதீர்கள். ஆனால் "நன்றாக இருக்கிறதா" என்று கேட்பதற்காக அதைப் போட்டுப் பார்க்காமல், "மத்திமம் (ம) எங்கே இறங்கியது" என்பது போன்ற ஒரே ஒரு கேள்வியோடு கேளுங்கள்.

எங்கள் குடும்பத்தில் யாரும் பாடியதில்லை. இது நமக்கு உரியதில்லையோ என்று தோன்றுகிறது.

இந்த ஐயத்தை மட்டும் உங்கள் மனத்தின் பலவீனமாக நான் கருதவில்லை. கச்சேரிகளை நடத்தும் சென்னைச் சபாக்களின் உலகம் நெடுங்காலமாக ஒரு சமூகத்தாரின் பேச்சும் பழக்கவழக்கமும் நிறைந்த இடமாக இருந்துவந்திருக்கிறது என்பதும், அதற்கு வெளியே இருந்து வருபவர்கள் வாசலிலேயே தயங்குகிறார்கள் என்பதும் உண்மை. பாடகர் டி.எம். கிருஷ்ணா போன்றவர்கள் இதைப் பொதுவெளியில் தொடர்ந்து பேசிவருகிறார்கள். தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் சொல்வதுபோல "எல்லாம் உன் மனத்தில்தான் இருக்கிறது" என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

ஆயினும் இந்த இசை ஒரு வீட்டாரின் சொத்தாக ஒருபோதும் இருந்ததில்லை. நாகசுரத்தையும் தவிலையும் வளர்த்தவர்கள் இசை வேளாளர்கள். தேவாரப் பண்களைக் கோயில்களில் காத்துவந்தவர்கள் ஓதுவார்கள். தஞ்சையில் சித்த மருத்துவராக இருந்த கிறித்தவரான ஆபிரகாம் பண்டிதர் (1859–1919), தொழிலில் ஈட்டிய பொருளைச் செலவிட்டு இசை மாநாடுகளைக் கூட்டி, சுருதிகளைப் பற்றி வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தார். இசுலாமியச் சூஃபிப் புலவரான குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்கள் இன்றும் பாடப்படுகின்றன. உங்களைத் தயங்கவைக்கும் ஆசிரியரிடம் நீங்கள் தங்க வேண்டிய கட்டாயம் இல்லை. கேள்வி கேட்டால் முகம் சுளிக்காதவரும், உங்கள் பேச்சு வழக்கைத் திருத்த முற்படாதவருமான ஆசிரியரைத் தேடிக்கொள்ளுங்கள். இன்று இணைய வழி வகுப்புகள் வந்துவிட்டதால் தேடும் பரப்பும் விரிந்திருக்கிறது.

முதலில் தன்னம்பிக்கையை வளர்த்துக்கொண்டு அதன் பிறகு வகுப்பில் சேரலாம் என்று இருக்கிறேன். சரிதானே?

சரியில்லை. அந்த நாள் வரப்போவதில்லை.

ஒரு குறிப்பிட்ட செயலைத் தன்னால் செய்ய முடியும் என்று ஒருவர் நம்புவது எவற்றிலிருந்து பிறக்கிறது என்பதை உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா 1977இல் எழுதிய கட்டுரையில் நான்காக வகுத்தார். தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்க மொழி, அந்த நேரத்து உடல், மன நிலை ஆகியவை அவை. இவற்றுள் முதலாவதே வலிமை மிக்கது என்பது அவருடைய முடிவு. நம்மவர்கள் பெரும்பாலும் மூன்றாவதிலேயே நின்றுவிடுகிறார்கள். யாராவது "உன்னால் முடியும்" என்று சொல்லமாட்டார்களா என்று காத்திருக்கிறார்கள், சொன்னால் ஓரிரு நாள் தெம்பாக இருக்கிறார்கள், பின்பு மறுபடியும் காத்திருக்கிறார்கள். சரளி வரிசையின் முதல் வரிசையை முதற்காலத்தில் (மெதுவான வேகத்தில்) தாளம் தப்பாமல் முடித்த பெண்மணிக்கு, அதன் பிறகு நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவருடைய கையே எட்டு எண்ணிக்கையையும் போட்டு முடித்திருந்தது.

இரண்டாவது வழியையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். மேடையில் மின்னும் இளம் பாடகரைப் பார்ப்பதைவிட, உங்களுக்கு ஆறு மாதம் முன்பு சேர்ந்த உங்கள் வயதுக்காரர் ஜண்டை வரிசையில் தடுமாறித் தேறுவதைப் பார்ப்பது உங்களுக்கு அதிகம் உதவும். வயது வந்தோர் சிறு குழுவாகக் கற்கும் வகுப்பு கிடைத்தால் அதையே பரிந்துரைப்பேன்.

வகுப்பில் மற்றவர்கள் எல்லாரும் சின்னப் பிள்ளைகள். தப்பாகப் பாடினால் வெட்கமாக இருக்கிறது.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் அவருடைய உடனாய்வாளர்களும் செய்து 2000இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், அணிவதற்குக் கூச்சம் தரக்கூடிய படம் அச்சிட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு மாணவர் மற்ற மாணவர்கள் நிறைந்த அறைக்குள் போகச் செய்யப்பட்டார். அறையில் இருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அந்தப் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால் பங்குதான். பிள்ளைகள் இன்னும் மோசம். உங்கள் ரிஷபச் சுரத்தைவிட, வெளியே வந்து நிற்கும் ஐஸ் வண்டியின் மணி அவர்களுக்கு முக்கியம்.

நான் மேடை ஏறப்போவதில்லை. அப்படியானால் எதற்கு இவ்வளவு சிரமம் என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்கே விடை தெரியவில்லை.

நம் ஊரில் எதைக் கற்றாலும் "அதனால் என்ன கிடைக்கும்?" என்ற கேள்வி கூடவே வரும். ஒரு தலைமுறைக்கு முன்பு பெண் பார்க்க வருபவர்கள் முன்னால் பாடுவதற்காகப் பெண்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள். திருமணத்தோடு சுருதிப் பெட்டி பரணுக்குப் போனது. பின்பு பள்ளிப் போட்டிப் பரிசுக்காகக் கற்றார்கள். இப்போது காணொளியின் பார்வை எண்ணிக்கைக்காகவும் கற்கிறார்கள். இவற்றில் எதிலும் பாடுபவருக்கு என்ன நேர்ந்தது என்று யாரும் கேட்பதில்லை. பலருக்கு ஐயம் பெருகுவதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். ஏற்கெனவே வேறொருவர் தீர்ப்புக்காகவே பாடிப் பழகிய மனத்துக்கு, தீர்ப்பு சொல்ல ஆள் இல்லாதபோது பாட்டுக்கே இடம் இல்லாததுபோல் தோன்றிவிடுகிறது.

ஆனால் கேட்பவரை எதிர்பார்க்காத பாட்டு நமக்குப் புதிதன்று. மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயிலின் மாட வீதிகளைச் சுற்றி மார்கழி விடியலில் கீர்த்தனைகள் பல இயற்றிய பாபநாசம் சிவன் பஜனை நடத்திவந்தார். அவரோடு சேர்ந்து நடந்தவர்களின் குரல்வளத்தை யாரும் சோதித்துப் பார்த்திருக்கமாட்டார்கள். ஊர்ப் பஜனை மடங்களிலும் அப்படித்தான். பின்னாலிருந்து வாங்கிப் பாடுபவருக்கு மேடையும் இல்லை, கைத்தட்டலும் இல்லை, பாட்டு மட்டும் இருந்தது.

வெளியிலிருந்து வரும் பரிசு உள்ளிருக்கும் விருப்பத்தை என்ன செய்யும் என்பதற்கு 1973இல் வெளியான ஒரு பரிசோதனை புகழ்பெற்றது. மார்க் லெப்பரும் அவருடைய உடனாய்வாளர்களும், வண்ணப் பேனாவால் படம் வரைவதில் இயல்பாகவே விருப்பம் கொண்ட மழலையர் பள்ளிக் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பகுதியினருக்கு, வரைந்தால் அழகான சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். ஓரிரு வாரம் கழித்து யாரும் எதுவும் சொல்லாமல் பேனாக்களை வைத்துவிட்டுப் பார்த்தபோது, அந்தக் குழந்தைகள் மற்றக் குழந்தைகளைவிட ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தார்கள். சான்றிதழுக்காக வரைந்தவர்களுக்குச் சான்றிதழ் இல்லாத நாளில் வரைய மனம் குறைந்துவிட்டது.

எனவே வீட்டில் கேட்பவர்களுக்கு நீங்கள் விடை சொல்லியே ஆக வேண்டும் என்றில்லை. உங்களுக்கே விடை வேண்டுமானால் சிலவற்றைக் கவனித்துப் பாருங்கள். ஒரே மூச்சில் ஷட்ஜம் அசையாமல் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள். தப்பு விழும்போது ஆசிரியர் சொல்லுமுன் உங்கள் காது சொல்கிறதா என்று பாருங்கள். இது வரத் தொடங்கிவிட்டால் நீங்கள் பெரிய தூரம் வந்துவிட்டீர்கள். எல்லாவற்றையும்விட, கேட்பதில் என்ன மாறியிருக்கிறது என்று பாருங்கள். சங்கராபரணம், கல்யாணி என்ற இரண்டு ராகங்களுக்கும் மத்திமம் ஒன்றில்தான் வேறுபாடு; கல்யாணியில் அது சற்று உயர்ந்த பிரதி மத்திமம். முதல் ஆண்டில் அது பாடமாக மட்டும் இருக்கும். பின்பு ஒரு நாள், பேருந்தில் ஒலிக்கும் பழைய பாட்டில் அந்தப் பிரதி மத்திமம் வந்து விழும்போது சட்டென்று நிமிர்ந்து உட்காருவீர்கள். பக்கத்து இருக்கைக்காரருக்கு எதுவும் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தவரை, மேடை ஏறாதவர்களுக்கு இந்த இசை தரும் வளர்ச்சி இதுதான். இதை எந்தச் சபாவும் கொடுக்கவோ எடுத்துக்கொள்ளவோ முடியாது.

"இந்த வயசுல பாட்டு கிளாஸா?" என்று உறவினர்கள் சிரிக்கிறார்கள்.

சிரிப்பார்கள். வகுப்பில் சேர்ந்ததை எல்லாருக்கும் அறிவிக்க வேண்டிய தேவையும் இல்லை.

பெண்களுக்கு இதைவிடப் பெரிய தடை நேரம்தான். கணவரும் பிள்ளைகளும் வெளிப்படையாக எதிர்க்காவிட்டாலும், சாதகத்துக்கு உட்கார்ந்தவுடன் "அந்தச் சாவி எங்கே?", "பால் பொங்குது" என்று அழைப்பு வந்துகொண்டே இருக்கும். எழுந்து எழுந்து போய், இரண்டு மாதத்தில் "எனக்கு ஒருமுகப்பாடு இல்லை" என்று தன்மேலேயே பழி போட்டுக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அது ஒருமுகப்பாட்டுக் குறை அன்று. அந்த அரை மணி நேரம் வீட்டில் யாராலும் மதிக்கப்படவில்லை என்பதுதான் செய்தி. கதவைச் சாத்திக்கொண்டு, அடுப்பை அணைத்துவிட்டு, கைபேசியைத் தம்புராவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு உட்காருங்கள். சாவி கிடைத்துவிடும்.

ஆறு மாதமாக வரிசைகளையே பாடிக்கொண்டிருக்கிறேன். பாட்டு எப்போது?

மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசையைத் தொடங்கும் முறையை வகுத்தவர் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த புரந்தரதாசர் என்பது மரபு. ஸ ரி க ம என்ற நான்கு சுரங்களுக்கு இடையே உள்ள இடைவெளிகளே ப த நி ஸ என்பவற்றுக்கு இடையேயும் அமைந்திருப்பதால், கீழ்ப்பாதி தொண்டைக்குப் பழகினால் மேற்பாதியும் பின்தொடரும். தேர்வு நன்றாகவே செய்யப்பட்டிருக்கிறது. ஆனாலும் வயது வந்த ஒருவரை ஆறு மாதம் வரிசையிலேயே வைத்திருப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. பிள்ளைகளுக்குக் காலம் இருக்கிறது. பெரியவர்களுக்கு வரிசையோடு சேர்த்து, தெரிந்த மெட்டில் அமைந்த எளிய நாமாவளியோ திருப்புகழோ ஒன்றைத் தொடக்கத்திலேயே கொடுத்துவிடலாம். உங்கள் ஆசிரியரிடம் பணிவாகக் கேளுங்கள். மறுத்தால் காரணத்தையும் கேளுங்கள். நல்ல காரணம் இருக்கவும் கூடும்.

தேர்வு எழுதலாமா?

எழுதலாம். இலங்கையில் வட இலங்கைச் சங்கீத சபை தரம் தரமாகத் தேர்வுகள் நடத்துகிறது. தமிழ்நாட்டிலும் பல்கலைக்கழகங்கள் இசையில் சான்றிதழ், பட்டயப் படிப்புகள் வைத்திருக்கின்றன. பாடத்திட்டம் ஒன்று இருப்பது சிலருக்கு ஒழுங்கைக் கொடுக்கும். தேர்வு நாள் முடிந்தபின் சுருதிப் பெட்டியைத் தொடாமல் இருப்பவர் நீங்கள் என்றால் வேண்டாம்.

ஆசிரியர் பாராட்டினால் நம்ப முடியவில்லை. மனம் நோகக்கூடாது என்று சொல்கிறார் என்றே தோன்றுகிறது.

பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள், படிப்பிலும் தொழிலிலும் நன்கு சாதித்த பெண்கள் பலர் தங்கள் வெற்றியைத் தற்செயல் என்றும், ஒரு நாள் தங்கள் சாயம் வெளுத்துவிடும் என்றும் அஞ்சுவதை 1978இல் எழுதினார்கள். அலுவலகத்தில் ஒரு பிரிவையே நிர்வகிக்கும் ஒருவர் கீதம் பாடும்போது கைநடுங்குவதைப் பார்க்கையில் அந்தக் கட்டுரை எனக்கு நினைவுக்கு வரும். "நன்றாக இருந்தது" என்ற பாராட்டு உங்களுக்கு உதவாது என்றால், அதை வேண்டாம் என்று ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். அதற்குப் பதிலாக, "இன்று எந்த இடம் சரியாக வந்தது, எந்த இடம் விலகியது என்று மட்டும் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். "இரண்டாவது ஆவர்த்தனத்தில் (தாளச் சுற்றில்) தைவதம் (த) நின்றது, நிஷாதம் (நி) ஏறிவிட்டது" என்று சொன்னால் நம்புவதற்கும் நம்பாமல் இருப்பதற்கும் அதில் ஒன்றுமில்லை; பதிவைப் போட்டு நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

விட்டுவிடலாமா என்று அடிக்கடி தோன்றுகிறது. இதை ஐயம் என்று கொள்வதா, உண்மையிலேயே எனக்கு ஒத்துவரவில்லை என்று கொள்வதா?

வகுப்பு நாளில் மட்டும் விட்டுவிடத் தோன்றி, தனியாகச் சமையலறையில் நிற்கும்போது தானாக ஒரு வரி வாயில் வருகிறது என்றால், பிரச்சினை வகுப்பில் இருக்கிறது. ஆசிரியரையோ நேரத்தையோ மாற்றிப் பாருங்கள். தனியாக இருக்கும்போதும் பாடத் தோன்றவில்லை, கேட்கவும் தோன்றவில்லை, ஆனால் ஓவியமோ தோட்டமோ உங்களை இழுக்கிறது என்றால் தாராளமாக விட்டுவிடுங்கள். தனக்காகத் தொடங்கிய ஒன்றைத் தனக்காகவே நிறுத்துவதில் தோல்வி எதுவும் இல்லை.

பாட்டு மட்டுமன்றி எதிலுமே மனம் செல்லவில்லை, உறக்கமும் பசியும் கெட்டிருக்கின்றன, "நான் எதற்கும் லாயக்கில்லை" என்ற எண்ணம் வாரக்கணக்கில் நீடிக்கிறது என்றால் அது இந்தப் பக்கத்தில் பேசப்படும் ஐயம் இல்லை. மனநல மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

நவராத்திரிக்குக் கொலு பார்க்கப் போனால் "ஒரு பாட்டுப் பாடுங்களேன்" என்பார்கள். என்ன செய்வது?

விருப்பம் இல்லையென்றால், "இப்போது கற்றுக்கொண்டிருக்கிறேன், இன்னொரு முறை பாடுகிறேன்" என்று சிரித்தபடி சொல்லிவிட்டுச் சுண்டலை வாங்கிக்கொள்ளுங்கள். தொண்டை கட்டியிருக்கிறது என்று பொய் சொன்னால் அடுத்த வீட்டிலும் அதையே சொல்ல வேண்டியிருக்கும்.

பாடலாம் என்று தோன்றினால், அந்த ஆண்டு கற்றவற்றில் மிக எளியதாகவும், மேல் ஸ்தாயிக்கு அதிகம் போகாததாகவும் ஒரு பாட்டை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து வைத்திருங்கள். ஏதாவது ஒரு சுருதியில் அந்தரத்தில் தொடங்கிவிடுவதுதான் கொலு வீடுகளில் நடக்கும் வழக்கமான விபத்து. சரணம் வரும்போது குரல் எட்டாது. ஆகவே கைபேசியில் தம்புராவை உங்கள் கட்டையில் வைத்து ஒலிக்கவிட்டு, ஷட்ஜத்தில் குரல் சேரும்வரை அவசரப்படாமல் இருந்து, அதன் பிறகு எடுங்கள். அந்தச் சில நொடிகளின் மௌனம் உங்களுக்கு நீளமாகத் தெரியும், கேட்பவர்களுக்குத் தெரியாது. பல்லவியும் ஒரு சரணமும் போதும். நடுவில் சொல் மறந்துவிட்டால் பல்லவிக்குத் திரும்பி முடித்துக்கொள்ளுங்கள்.